திருவிழா மேடையில் ஒரு பெரிய ஷோ: துணித்திரை முதல் கடைசி லைட் வரை

காவேரிப்பட்டணம், பர்கூர், பாலக்கோடு, ஊத்தங்கரை என்று இந்தச் சுற்றுவட்டாரத் திருவிழா மேடைகளில் 15 வருடத்துக்கு மேலாக லைட்டிங்கும் மேடை வேலையும் பார்க்கிறேன். ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கிற தம்பிகளும் கல்லூரி விழாவில் பாடுகிற பிள்ளைகளும் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, மைக்கேல் ஜாக்சன் கச்சேரி, டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரி எல்லாம் யூடியூபில் பார்க்கிறோமே, அந்த மாதிரி நம்ம ஊர் மேடையில் ஏதாவது செய்ய முடியுமா?" முடியும். 24க்கு 20 அடி மேடை, ஒரு ஜெனரேட்டர், சொன்னதைக் கேட்கிற பத்துப் பேர் இருந்தால் போதும். எல்இடி சுவர் வாடகைக்குக் காசில்லையே என்று மனசு விட வேண்டாம். அந்தப் பெரிய கச்சேரிகளில் கூட்டம் எழுந்து கத்துகிற இடங்களை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பாருங்கள், பாதி இடங்களில் வேலை செய்வது ஜனங்களைக் காக்க வைத்துக் காட்டுகிற வித்தைதான் என்று தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது புதிதே கிடையாது, நம் கூத்து வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது அதைத்தான்.

அதனால் லைட் வாடகைக்குப் பேசுவதற்கு முன்னால், பக்கத்தில் எந்த ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது என்று விசாரித்து, ஒரு ராத்திரி விடிய விடிய உட்கார்ந்து கூத்துப் பாருங்கள். ஃபோனை எடுக்காமல் பாருங்கள். நான் இங்கே சொல்லப்போகிற விஷயங்களில் முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

ஆள் மேடைக்கு வருவது

ராஜா வேஷம் களரிக்குள், அதாவது கூத்து ஆடுகிற இடத்துக்குள், வருகிற விதத்தைக் கவனியுங்கள். இரண்டு பேர் ஒரு துணியைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நிற்கிறார்கள். மத்தளம் ஏறுகிறது, முகவீணை அதன் மேல் ஏறுகிறது. துணிக்குப் பின்னால் சலங்கை மட்டும் கேட்கிறது. மேலே கிரீடத்தின் நுனி தெரிகிறது, அதில் ஒட்டிய கண்ணாடித் துண்டு ஒருமுறை மின்னிவிட்டு மறைகிறது. உள்ளேயிருந்தே விருத்தம் பாடுகிறார். அப்புறம் ஒரு கை வந்து துணியின் மேல் விளிம்பைப் பிடிக்கிறது, ஐந்து விரலும் நன்றாகத் தெரிகிறது. முன்னால் பாயில் தூங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையை அம்மா தட்டி எழுப்புவது சரியாக இந்த நேரத்தில்தான். இவ்வளவுக்கும் ஆள் இன்னும் வெளியே வரவில்லை.

1993 ஜனவரி 31 அன்று கலிபோர்னியாவில் பாசடீனா ஊரின் ரோஸ் பவுல் மைதானத்தில் மைக்கேல் ஜாக்சன் செய்ததும் இதேதான். அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளை நிகழ்ச்சி அது. முதலில் பெரிய திரைகளின் உச்சியில் அவரைப் போலவே உடுத்திய ஆட்கள் தோன்றுகிறார்கள், கூட்டம் அங்கே பார்த்துக் கத்துகிறது, அப்புறம் அவர் மேடைக்கு அடியிலிருந்து துள்ளி மேலே வருகிறார். வந்தவர் சுமார் ஒன்றரை நிமிடம் அசையவே இல்லை. மொத்த நிகழ்ச்சியே கால் மணி நேரம்கூட இல்லை, அதில் ஒன்றரை நிமிடத்தை அவர் சும்மா நிற்பதற்குக் கொடுத்தார். கூட்டத்தின் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது. தலையைத் திருப்பினாலே ஒரு அலை அடிக்கிறது. அவரை மேலே தூக்கிப் போடுகிற அந்த லிஃப்டுக்கு மேடைக்காரர்கள் வைத்த பெயர் டோஸ்டர், ரொட்டி துள்ளி வருகிற மாதிரி ஆள் துள்ளி வருவதால்.

நம் மேடைக்கு டோஸ்டர் வேண்டாம். நாலடி உயர மேடையில் பலகையை வெட்டி ஓட்டை போடுகிற யோசனையே யாருக்கும் வரக்கூடாது. துணி இருக்கிறது, துணியை வைத்தே செய்யலாம். வெள்ளைக் காடாத் துணி, அகலம் 12 அடி, உயரம் 9 அடி. மேல் ஓரத்தில் மடித்துத் தைத்து மூங்கில் கழியைக் கோத்துவிடுங்கள், கீழ் ஓரத்தில் ஒரு குழாய் போலத் தைத்து அதில் மணல் நிரப்புங்கள், இல்லையென்றால் திறந்த மைதானத்துக் காற்றில் துணி பாய்மரம் போல உப்பிவிடும். கருப்புச் சட்டை போட்ட இரண்டு பேர், ஆளுக்கொரு ஸ்டூலில் ஏறி, கழியின் இரு முனையையும் பிடித்து நிற்க வேண்டும். பாடகர் துணிக்குப் பின்னால். அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளித் தரையில் ஒரே ஒரு லைட்.

அந்த லைட் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். நம்மிடம் வாடகைக்குக் கிடைக்கிற, 54 குட்டி எல்இடி முத்து பதித்த பார் (PAR) லைட்டை வைத்தால் நிழல் பத்தாகச் சிதறி ஓரம் மழுங்கிப்போகும். ஒற்றை முத்து கோப் லைட்டோ பழைய ஹாலஜன் ஃபோகஸோ வையுங்கள், நிழல் கத்தி போல விழும். பாடகர் லைட்டுக்குப் பக்கத்தில் நின்றால் நிழல் துணி முழுக்க ராட்சசன் மாதிரி நிற்கும், துணியை நோக்கி நடந்து வர வர நிழல் சுருங்கி, கடைசியில் ஆள் அளவுக்கு வந்து நிற்கும். வீட்டில் ஒரு பெட்ஷீட்டும் மொபைல் டார்ச்சும் வைத்து இன்றைக்கே செய்து பாருங்கள், எங்கே எத்தனை அடி என்று கைக்குப் பிடிபட்டுவிடும். பின்னணி இசை ஓடும்போது பெரிய நிழல், மெதுவாகச் சுருங்கி வருகிறது, ரிதம் பேடில் ஒரு அடி விழுந்ததும் இரண்டு பேரும் கழியை அப்படியே கீழே இறக்கிக் குனிந்துவிட வேண்டும், அதே நொடியில் முன் லைட் எரிய வேண்டும்.

இப்போதுதான் முக்கியமான இடம். பாடகர் பாடக்கூடாது, கையசைக்கக்கூடாது, "வணக்கம் காவேரிப்பட்டணம்" என்று கத்தக்கூடாது. நிற்க வேண்டும். ஒன்றரை நிமிடம் மைக்கேல் ஜாக்சனுக்கு, நமக்கு 12 விநாடி. மூச்சை எண்ணச் சொல்லுங்கள், நிதானமாக மூன்று மூச்சு. முதல்முறை நிற்கிறவருக்கு அந்த 12 விநாடி ஒரு வருடம் மாதிரி இருக்கும், உடம்பு தானாக ஆட ஆரம்பிக்கும், அதனால் எடையை ஒரு காலில் போட்டு நிற்கப் பழக்குங்கள். விசில் முதலில் பின்வரிசையிலிருந்து வரும். அது வந்த பிறகு பாட ஆரம்பித்தால் போதும்.

நிகழ்ச்சித் தொகுப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். போன வருடம் ஒரு ஊரில் நாங்கள் நிழலைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே தொகுப்பாளர் மைக்கை எடுத்துப் பாடகரின் பெயர், அவர் எந்த டிவியில் பாடியவர் என்பது வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். துணி விழுந்தபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பத்து நாள் ஒத்திகை ஒரு நொடியில் போனது. இப்போதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்கு அவருடைய மைக்கை மிக்சரிலேயே அணைத்துவைக்கச் சொல்கிறேன், அவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

பாட்டு வரிசையைப் பகுதி பகுதியாகக் கட்டுங்கள்

டெய்லர் ஸ்விஃப்ட் 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பர் வரை 149 தடவை நடத்திய கச்சேரி, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் ஜனம் அலுக்காமல் உட்கார்ந்ததற்குக் காரணம், அவருடைய ஆல்பங்களின் கணக்கில் கச்சேரி பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தது. பகுதி மாறினால் நிறம் மாறும், உடை மாறும், மேடையில் ஏதோ ஒன்று மாறும். மடோனா 1990 உலகச் சுற்றுப்பயணத்திலேயே கச்சேரியை நாடகம் போல அங்கம் அங்கமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அரங்க அமைப்பு வைத்துக் காட்டியவர்.

நம் ஆர்கெஸ்ட்ராக்களில் பாட்டுப் பட்டியல் எப்படி வருகிறது? யார் முதலில் ரெடியோ அவர் பாட்டு. மெலடி, குத்து, மெலடி, குத்து என்று மூன்று மணி நேரம் ஒரே மாதிரி ஓடும், பதினோராவது பாட்டுக்கும் பதினாறாவது பாட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. 20 பாட்டு இருந்தால் நாலாகப் பிரியுங்கள். முதல் பகுதி எப்படியும் பிள்ளையார் பாட்டு, அம்மன் பாட்டு. அதைச் சம்பிரதாயம் என்று தள்ளிவிடாமல், உங்கள் கச்சேரியின் மிகப் பெரிய பகுதியாக ஆக்குங்கள், ஏனென்றால் திருவிழாக் கூட்டம் முழு மனசோடு இருப்பது அப்போதுதான். மஞ்சளும் சிவப்பும் மட்டும் எரியட்டும். இரண்டாவதில் பழைய மெலடி, நீலம், எல்லாரும் உட்கார்ந்து பாடலாம். மூன்றாவது முழுக்க ஆட்டம். நாலாவது உங்கள் சொந்த விருப்பம்.

பகுதி மாறுகிற இடத்தில் 40 விநாடி வேண்டும், அதை நிரப்பப் பம்பைக்காரர்களைக் கூப்பிடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். இந்த இரண்டு மாவட்டத்திலும் பம்பைச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்காத கால் கிடையாது. அமெரிக்கப் பாடகி பியோன்சே 2018இல் அந்த ஊர் கோச்செல்லா இசை விழாவில் பாடியபோது, கல்லூரி அணிவகுப்பு பேண்ட் மாதிரி ஒரு பெரிய வாத்தியக் கூட்டத்தையே படிக்கட்டு படிக்கட்டாக மேடையில் நிறுத்தினார். வாசிக்கிறவர்கள்தான் அங்கே அரங்கமே. கறுப்பினக் கல்லூரிகளின் சொந்த மரபை அவர் அந்த மேடைக்குக் கொண்டுவந்தார். நமக்கு நம் பம்பை இருக்கிறது. மயானக் கொள்ளையில் ஊரையே நடுங்க வைக்கிறவர்களைத் திருவிழா முடிந்ததும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, கீபோர்டில் பம்பை டோன் போட்டு வாசிக்கிறோம், எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. நாலு பேரைக் கச்சேரியோடு சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வாசித்துக்கொண்டே நடந்து வந்து மேடை ஏறட்டும்.

இன்னொன்று, விழாக் கமிட்டி. பொன்னாடை போர்த்துவது, நன்கொடை கொடுத்தவர் பெயரை வாசிப்பது, இதெல்லாம் அவர்கள் உரிமை, அவர்கள் பணத்தில்தான் கச்சேரியே நடக்கிறது. ஆனால் அதற்கு நேரம் ஒதுக்கவில்லையென்றால் உங்கள் உச்சக்கட்டப் பாட்டுக்கு நடுவில் மேடை ஏறிவிடுவார்கள். முதல் பகுதி முடிந்ததும் பத்து நிமிடம் அவர்களுக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், மேடையில் நல்ல வெளிச்சம் போட்டு, பின்னால் நாதஸ்வர டோன் வாசித்து, மரியாதையாகச் செய்யுங்கள். கௌரவமாக நடந்தால் அப்புறம் குறுக்கே வரமாட்டார்கள்.

உடை

மைக்கேல் ஜாக்சனின் கால்களை எல்லாரும் ஏன் பார்த்தோம்? கருப்பு ஷூவுக்கும் ஏறிய பேன்ட்டுக்கும் நடுவில் மின்னுகிற வெள்ளை சாக்ஸ். 1983இல் டிவி நிகழ்ச்சியில் அவர் முதன்முதலாக மூன்வாக் ஆடிக் காட்டியபோது கண் தானாக அங்கே போனதற்கு அந்த சாக்ஸும் காரணம். ஒரு கையில் மட்டும் போட்ட சமிக்கி வைத்த கையுறையும் அப்படித்தான், கடைசி வரிசைக்காரனுக்கு முகம் தெரியாது, ஆனால் அந்தக் கை எங்கே போகிறது என்று தெரியும். நம் கூத்தில் கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் அவ்வளவு பெரிதாக, கண்ணாடித் துண்டு பதித்து இருப்பதும் இதற்காகத்தான். தீவட்டி வெளிச்சத்தில் ஐம்பதடி தள்ளி இருப்பவனுக்கும் துரியோதனன் தோள் தெரிய வேண்டும் அல்லவா.

ஆகவே உடை எடுக்கும்போது ஒரே கேள்வி: உங்கள் பாடகர் எதை அதிகம் அசைக்கிறார்? கையா, தோளா, காலா? மின்னுவது அங்கே மட்டும் இருக்கட்டும். உடம்பு முழுக்க சமிக்கி தைத்தால் எல்லாமே மின்னும், எதுவுமே தெரியாது. பின்திரை கருப்பு என்றால் கருப்புச் சட்டை கூடாது, தலை மட்டும் மிதக்கிற மாதிரி இருக்கும். உடையைப் போட்டு நிற்க வைத்து, 150 அடி பின்னால் போய் மொபைலில் ஜூம் பண்ணாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அதில் தெரிவதுதான் உங்கள் உடை.

மேடையிலேயே உடை மாறுவதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி 1973இல் இதைச் செய்தார், உடைகளை வடிவமைத்தவர் ஜப்பானியரான கான்சாய் யமமோட்டோ. ஜப்பானின் கபுகி நாடகத்தில் ஹிகினுகி என்று ஒரு பழைய முறை இருக்கிறது, மேல் உடையைப் பிடித்து இழுத்தால் அப்படியே கழன்று, உள்ளே வேறு உடை. நாம் செய்யும் விதம்: மேல் அங்கியை முன்பாகம் பின்பாகம் என்று இரண்டு துண்டாகத் தைத்து, தோளிலும் இரண்டு பக்கவாட்டிலும் மூன்று அங்குலத்துக்கு ஒரு டிச் பட்டன் வையுங்கள். இரண்டு ஆட்டக்காரர்கள், ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால், தாளத்தில் இழுத்துக்கொண்டு இரு பக்கமும் ஓடிவிட வேண்டும். வெல்க்ரோ வேண்டாம், கிழிகிற சத்தம் பாடகரின் மைக்கில் விழும். ஊக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குத்தாதீர்கள், அவசரத்தில் இழுத்து ஒரு பெண்ணின் தோளில் நீளமாகக் கீறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ரத்தம் வழிய வழிய அவர் அந்தப் பாட்டை முடித்தார். அன்றைக்கு அந்த ஊக்கைக் குத்தியவன் நான்தான். வைகாசி வெக்கையில் இரண்டு அடுக்கு உடை தாங்காது, இரண்டு பாட்டுக்கு மேல் போட்டுவைக்காமல் சீக்கிரம் கழற்றிவிடுங்கள், உள்ளே மெல்லிய பருத்தி.

லைட்

பழைய பார் லைட் ஒன்று 1000 வாட் இழுக்கும், எட்டு மாட்டினால் ஜெனரேட்டர் இருமும். எல்இடி வந்த பிறகு அந்தக் கவலை போய்விட்டது, அதனாலேயே இன்னொரு நோய் வந்துவிட்டது: எல்லா லைட்டும் எல்லா நிறத்திலும் எல்லா நேரமும் ஆட்டோ மோடில் சுற்றிக்கொண்டே இருப்பது. தயவுசெய்து ஆட்டோ மோடை அணையுங்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு நிறம். பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். நிறம் மாறாமல் மூன்று நிமிடம் இருந்து சரியான இடத்தில் ஒருமுறை மாறினால் கூட்டத்துக்கு உடம்பு சிலிர்க்கும்.

எல்லா லைட்டையும் முன்னால் கட்டாதீர்கள். முன் லைட்டில் முகம் தெரியும், உடம்பு தட்டையாகிவிடும். பன்னிரண்டு லைட் இருந்தால் நாலு முன்னால், நாலு பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில், நாலு பின்னால். ஆட்டத்துக்குப் பக்க லைட்தான் உயிர், கையும் காலும் தனித்தனியாகத் தெரியும். பின் லைட் தோளிலும் முடியிலும் ஒரு கோடு போடும், புகை கொஞ்சம் இருந்தால் அந்தக் கோடு கதிராக விரியும். திறந்த மைதானத்தில் புகை நமக்குக் கட்டுப்படாது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சாயங்காலமே பார்த்து மெஷினை அந்தப் பக்கத்தில் வையுங்கள்.

இருட்டும் ஒரு லைட்தான். பாட்டு முடிகிற அடியில் மேடை மொத்தமும் இரண்டு விநாடி இருண்டு மறுபடி எரிந்தால் கைதட்டல் இரண்டு மடங்கு வரும். ஆனால் மேடையை மட்டும்தான் இருட்டாக்க வேண்டும். கூட்டம் உட்கார்ந்திருக்கிற இடத்து டியூப் லைட்டை ஒருநாளும் அணைக்கக் கூடாது, பெண்பிள்ளைகளும் குழந்தைகளும் இருக்கிற இடம். மேடைக்குப் பின்னால் ஏணி, படி, பலகை முடிகிற ஓரம், எல்லாவற்றுக்கும் வெள்ளை டேப் ஒட்டி, சின்னதாக ஒரு நீல பல்பும் கட்டுங்கள். 1979இல் கேட் புஷ் என்ற இங்கிலாந்துப் பாடகியின் சுற்றுப்பயணத்தில், முன்னோட்டக் கச்சேரி முடிந்த ராத்திரி, லைட்டிங் பார்த்த இளைஞர் ஒருவர் இருட்டில் தவறி விழுந்தார், சில நாளில் இறந்துபோனார். அவருக்கு 21 வயது. எங்கள் வேலையில் இருக்கிற யாருக்கும் அதைப் படித்தால் வயிறு கலங்கும்.

சவுண்டுக்கும் லைட்டுக்கும் தனித்தனி லைன் இழுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் உர் என்று இரைச்சல் வரும். எர்த் போட்டதை நீங்களே போய்ப் பாருங்கள். மழை வந்தால் நிறுத்துங்கள். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2007இல் கொட்டுகிற மழையில் வாசித்ததை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள், அவருக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு நம் மேடைக்குப் பின்னால் இல்லை.

மைக்

அதே கேட் புஷ்ஷின் 1979 சுற்றுப்பயணத்தில் இன்னொரு நல்ல விஷயமும் நடந்தது. ஆடிக்கொண்டே பாட வேண்டும், கையில் மைக் இருந்தால் கை இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி. அவருடைய சவுண்ட் ஆள், துணி மாட்டுகிற ஹேங்கர் கம்பியை வளைத்துத் தலையில் மாட்டுகிற மாதிரி செய்து, அதில் சின்ன மைக்கைக் கட்டிக் கொடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பாடகர்கள் மாட்டுகிற ஹெட்செட் மைக்கின் ஆரம்பங்களில் ஒன்று அந்தக் கம்பி.

இப்போது ஹெட்செட் மைக் சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமே கிடைக்கிறது. ஆனால் எல்லாப் பாட்டுக்கும் மாட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கையில் மைக் பிடிக்கும்போது சத்தத்தைத் தள்ளிப் பிடித்தும் அருகில் கொண்டுவந்தும் பாடகர் தானே கட்டுப்படுத்துகிறார், நல்ல பாடகருக்கு அது ஒரு பெரிய அழகு. ஆட்டப் பகுதிக்கு ஹெட்செட், மெலடிக்குக் கை மைக். ஆட்டப் பாட்டில் மூச்சு வாங்குகிற இடங்களுக்குக் கோரஸ் ஆட்களைத் தயார் செய்யுங்கள். மொத்தக் குரலையும் டிராக்கில் ஓட்டிவிட்டு வாயசைப்பதை நம் ஜனம் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், கூத்தில் விடிய விடிய தொண்டையால் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

ஒரே ஒரு பெரிய பொருள்

பாரதம் முடிகிற நாளில் துரியோதனன் படுகளம் பார்த்திருப்பீர்கள். வெறும் மண்ணால் செய்த உருவம், மைதானம் நிறையப் படுத்திருக்கும். ஊரே சுற்றி நிற்கும். அர்ச்சுனன் தபசுக்கு நட்ட மரம் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கும், வேஷம் கட்டியவர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார், மேலேயிருந்து எலுமிச்சையும் விபூதியும் வீசும்போது பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். மரம், மண், ஒரு மனுஷன். இதற்கு மேல் ஒரு காட்சி எந்த மைதானக் கச்சேரியிலும் நான் பார்த்ததில்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அளவு. சின்னச் சின்னப் பொருள் பத்து வாங்குவதை விட்டுவிட்டு, ஒரே பொருளை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாகச் செய்யுங்கள். போன தையில் நாங்கள் செய்தது ஒரு மயில் தோகை, மூங்கில் பிளாச்சும் வண்ணக் காகிதமும், விரித்தால் 18 அடி. இரண்டு கல்லூரிப் பையன்களும் ஒரு கூடை முடைகிறவரும் சேர்ந்து ஒன்பது நாளில் செய்தார்கள். முருகன் பாட்டு ஒன்றில், சரணத்துக்கு மட்டும், பாடகிக்குப் பின்னால் மெதுவாக விரிந்தது, முடிந்ததும் மூடிவிட்டோம். மறுபடி காட்டவே இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார்.

மைக்கேல் ஜாக்சன் 45 டிகிரி முன்னால் சாய்வாரே, அதைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: அது ஷூவில் இருக்கிற சூட்சுமம். மேடையிலிருந்து ஒரு ஆணி எழும், குதிகாலில் இருக்கிற பிளவு அதில் மாட்டிக்கொள்ளும். 1993இல் அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கினார்கள். அது மாட்டிக்கொண்டாலும் சாய்ந்தவர் மறுபடி நிமிர்வதற்குக் காலிலும் முதுகிலும் பயங்கர பலம் வேண்டும். நம் மேடைப் பலகை ஆணி தாங்காது, கணுக்கால் முறியும். வேண்டாம். கயிறு கட்டிப் பறப்பதும் வேண்டாம்.

நெருப்பு

இங்கே மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். 1984 ஜனவரி 27, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பு, மேடையில் வைத்த வாணவேடிக்கையின் தீ மைக்கேல் ஜாக்சனின் முடியில் பிடித்துத் தலை வெந்துபோனது. அத்தனை ஆட்கள் சுற்றி இருந்தும். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு சின்ன அரங்கில், முதல் பாட்டுக்கு வைத்த, பொறி கக்குகிற வாணத்திலிருந்து சுவரில் ஒட்டியிருந்த ஃபோம் பற்றிக்கொண்டு, 100 பேர் இறந்துபோனார்கள். நம் பந்தலில் தென்னங்கீற்று, மேலே துணி, அதில் சீரியல் செட், பக்கத்திலேயே டீசல் கேன்.

பந்தலுக்கு அடியில் எந்த நெருப்பும் கிடையாது. குளிர்ப்பொறி மெஷின் சூடே இருக்காது என்று வாடகைக்காரர் கையை நீட்டிக் காட்டுவார், ஆனால் உள்ளே எரிவது உலோகத் தூள், கீழே விழுந்து குவிகிற பொறி துணியைப் பொசுக்கும். மேலே கூரையில்லாத மேடை, பத்தடிக்குள் துணியோ ஆளோ இல்லை, பக்கத்தில் இரண்டு வாளி மணலும் தீயணைப்பானும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் இருக்கிறார் என்றால் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. வண்ணக் காகிதத் துண்டுகளை வீசுகிற பேப்பர் பிளாஸ்ட் போதுமே என்று பல இடங்களில் கமிட்டியிடம் சண்டை போட்டிருக்கிறேன். மாசி வெயிலில் காய்ந்த கீற்று எப்படிப் பிடிக்கும் என்று சின்ன வயதில் எங்கள் தெருவில் பார்த்தவன்.

ஒத்திகை

காவல் நிலைய அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். 2000ஆம் வருடத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது, அதனால் உச்சக்கட்டத்தை 9 மணிக்கு மேல் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். நிறைய நல்ல கச்சேரிகள் கடைசிப் பாட்டு இல்லாமலே முடிந்துபோவது இந்தக் கணக்கு தப்புவதால்தான்.

ஒத்திகையில் எல்லாரும் பாட்டைத்தான் பழகுகிறார்கள். பாட்டு எப்படியும் தெரியும். பாட்டுக்கு நடுவில் இருப்பதைப் பழகுங்கள்: யார் துணியை எடுக்கிறார், யார் ஸ்டூலை நகர்த்துகிறார், தண்ணீர் எங்கே, பாடகி எந்தப் படியில் இறங்குகிறார். பாட்டே இல்லாமல், வாயால் "அடுத்த பாட்டு ஆரம்பம், முடிந்தது" என்று சொல்லிக்கொண்டே மொத்தக் கச்சேரியையும் 25 நிமிடத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு தடவை இப்படி ஓட்டினால் இடிபடுகிற இடமெல்லாம் தெரிந்துவிடும்.

அப்புறம், சத்தம் 100 மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். பின்வரிசைக்காரருக்கு உங்கள் கை முதலில் தெரியும், அடி அப்புறம்தான் கேட்கும். படபடவென்று வெட்டி வெட்டி ஆடுகிற ஆட்டம் அங்கே தாளம் தப்பின மாதிரி தெரிவது இதனால்தான். பெரிய அசைவு, ஒரு நிலையில் வந்து நின்று இரண்டு தாளம் அப்படியே இருப்பது, இதுதான் மைதானத்துக்குப் பொருந்தும். கூத்து அடவுகளைப் பாருங்கள், சுற்றிச் சுழன்று வந்து ஒரு நிலையில் நிற்பார்கள்.

கடைசிப் பாட்டு

கடைசிப் பாட்டை ஆட்டத்தோடு முடிப்பது வழக்கம். முடியுங்கள். ஆனால் முடிந்த கையோடு மேடையைக் காலி செய்யாதீர்கள். கலர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெள்ளை லைட்டை மட்டும் முழுசாகப் போடுங்கள். கீபோர்டு, டோலக், பம்பை, கோரஸ், துணி பிடித்த இரண்டு பேர், ஜெனரேட்டர் பார்த்த அண்ணன், எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒவ்வொருவர் பெயரையும் பாடகரே சொல்லட்டும். வேஷம் இல்லாத, வேர்த்த முகங்களோடு அவர்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போது கூட்டத்துக்கு அந்த மூன்று மணி நேரமும் எப்படி நடந்தது என்று புரியும்.

அதன் பிறகு முதலில் மைதானத்து ஃபோகஸ் லைட்டுகளை எரியவிடுங்கள். ஜனம் செருப்பைத் தேடி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு, பாயைச் சுருட்டி, தெருமுனை திரும்புகிற வரைக்கும் மேடை லைட்டும் எரியட்டும். மைதானம் காலியான பிறகு ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லலாம்.